பாராசூட் பட்டில் டூட்டு நிற்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்து பாலே பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். குண்டுவீச்சுக்கு நடுவிலும் லண்டனில் ஆடியவர்களின் துணிச்சலைக் கட்டுரை மனம் நெகிழும்படி சொல்லியிருந்தது. ஆனால் அதோடு வந்த ஆட்டக்காரியின் படத்துக்குக் கீழே ‘பாராசூட் பட்டில் தைத்த பாவாடை’ என்று ஒரு வரி. அது சரியல்ல. பாலே உடை தைப்பவர்கள் என்ற முறையில் அதைத் திருத்துவது எங்கள் கடமை. ஒரு படக்குறிப்புக்கு இத்தனை நீளமான கடிதமா என்று தோன்றலாம். அந்தப் பாவாடை எதனால் நிற்கிறது என்று தெரிந்தால்தான், போர் வந்தபோது பாலேயில் எதற்கெல்லாம் முடை வந்தது, எப்படிச் சமாளித்தார்கள் என்பது விளங்கும்.

டூட்டு என்று சொல்லும் அந்தக் குட்டைப் பாவாடை ஒற்றைத் துணி அல்ல. இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் நிக்கர் ஒன்றின்மேல் வரிசை வரிசையாகச் சுருக்கித் தைத்த பத்துப் பன்னிரண்டு வலைத்துணிப் பட்டைகள்தான் டூட்டு. அடியில் வரும் பட்டை மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலம். மேலே போகப் போக ஒவ்வொன்றும் சுமார் மூன்று சென்டிமீட்டர் கூடி, உச்சியில் இருப்பது 35 முதல் 40 சென்டிமீட்டர் வரை வரும். அகலம் மட்டுமல்ல, மேல் பட்டைகளில் சுருக்கும் அதிகம். 137 சென்டிமீட்டர் அகலமுள்ள வலைத்துணி ஒரு பாவாடைக்குப் பத்திலிருந்து பதினைந்து மீட்டர் பிடிக்கும். கீழே இருக்கும் குட்டைப் பட்டைகள் வெளியே தெரிவதே இல்லை. ஆனால் வேலை செய்பவை அவைதான். ஒவ்வொன்றும் தனக்கு மேலே உள்ளதைத் தாங்கி உயர்த்துகிறது. அடிப்பட்டை தளர்ந்தால் அதற்கு மேலுள்ள அத்தனையும் ஒவ்வொன்றாகச் சரியும்.

இப்படித் தாங்கும் வலு வலைத்துணிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? அதன் பின்னலில்தான். சாதாரண நெசவில் பாவும் ஊடும் ஒன்றின் மேலும் கீழுமாகப் போகின்றன. இழைகள் நகரும், துணி மடிந்து விழும். வலைத்துணியிலோ ஒரு இழை இன்னொன்றைச் சுற்றி முறுக்கிக்கொண்டு தேன்கூடு போல அறுகோணக் கண்களாக நிற்கிறது. இழை நகர வழியில்லை. அதைக் கசக்கிச் சுருக்கித் தைத்தால் விறைத்துக்கொண்டு வெளியே தள்ளும். பாராசூட் துணியின் குணம் இதற்கு நேர் எதிர். சின்னப் பைக்குள் மடிந்து அடங்க வேண்டும், இழுத்த கணத்தில் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரிய வேண்டும். அதற்காகவே அதை மெல்லியதாக, வழவழப்பாக நெய்தார்கள். பன்னிரண்டு அடுக்கு அல்ல, இருபது அடுக்கு வைத்தாலும் அந்தப் பட்டு காலோடு தொங்கும். பிறகு வந்த நைலான் பாராசூட்டும் அப்படியே.

பாராசூட் துணி பாலேயில் பயன்படவே முடியாது என்று நாங்கள் சொல்லவில்லை. உள் லைனிங்கிற்கு ஆகும். ஆண் ஆட்டக்காரரின் தொளதொள சட்டைக் கைக்கு, காற்றில் மிதக்க வேண்டிய மேலாடைக்கு, தலைத்துணிக்கு நன்றாகவே ஆகும். ஆனால் வெட்டுவதில் ஒரு சிரமம் உண்டு. பாராசூட் முழுத் துணியாக வராது. உச்சியில் குறுகி அடியில் அகன்ற நீண்ட முக்கோணப் பட்டைகளாக வரும், நடுநடுவே கெட்டித் தையல் வேறு. அந்தத் தையல்களைப் பிரித்தால் ஊசித் துளை வரிசை அப்படியே தெரியும். பட்டைகள் பெரும்பாலும் குறுக்கு வெட்டில் இருப்பதால் தொங்கவிட்ட சில நாளில் ஓரம் ஏறியும் இறங்கியும் போய்விடும். ஓரம் மடித்து அடிப்பதற்கு முன் இரண்டு நாள் தொங்கப்போட்டு, பிறகு மட்டம் பார்த்து வெட்ட வேண்டும். போதாததற்கு, போர் நடந்த வரைக்கும் பாராசூட் அரசுச் சொத்து. எடுத்துவைத்துக்கொள்வது குற்றம்.

அப்படியானால் உண்மையான முடை எதற்கு? வலைத்துணிக்குத்தான். அன்று இங்கிலாந்தில் வலைத்துணியும் லேசும் நெய்வதற்குத் தலைநகரமாக இருந்தது நாட்டிங்ஹாம். போர் வந்ததும் அங்கிருந்த எந்திரங்கள் வெப்பநாடுகளில் போரிடும் படைகளுக்குக் கொசுவலை நெய்யத் திரும்பின. இதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. மலேரியா, குண்டுக்கு இளைக்காமல் ஆட்களைச் சாய்த்துக்கொண்டிருந்த காலம் அது.

அன்று கிடைத்தது பருத்தி வலையும், கஞ்சி ஏற்றிய டார்லட்டன் என்ற சல்லாத் துணியும். நைலான் வலை மேடைக்கு வந்தது போருக்குப் பிறகு. பருத்தியின் விறைப்பு பெரும்பங்கு கஞ்சியில் இருக்கிறது, கஞ்சிக்கு ஈரம் ஆகாது. ஆட்டக்காரியின் வியர்வை இடுப்புப் பக்கமாக மேலேறும். மழைநாளில் காற்றின் ஈரம் அடிப்பட்டைகளில் இறங்கும். முதல் வாரம் பக்கவாட்டில் நின்ற பாவாடை மூன்றாவது வாரம் மணியைப் போலக் கவிழும். 1940களின் படங்களைப் பார்த்தால் பாவாடை இன்று போலத் தட்டையாக நிற்காமல் சற்றுச் சரிந்திருப்பது தெரியும். அது ஓரளவு அன்றைய பாணி, ஓரளவு பருத்தியின் இயல்பு.

இப்படிக் கவிழ்ந்ததை நிமிர்த்த ஒரு முறை இருக்கிறது. தண்ணீரில் அலசக் கூடாது, இருக்கிற கஞ்சியும் போய்விடும். பாவாடையைத் தலைகீழாகப் பிடித்து, அடிப்பட்டையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு அடுக்காக விரலால் பிரித்து, மெல்லிய கஞ்சித் தண்ணீரைத் தூவ வேண்டும். தலைகீழாகவே காயவிட வேண்டும். அப்போது அடுக்குகளின் கனமே அவற்றை எதிர்ப்பக்கம் இழுக்கும். காய்ந்ததும் நிமிர்த்தினால் பாவாடை எழுந்து நிற்கும். கஞ்சி கெட்டியாகிவிட்டால் கண்கள் அடைபட்டு, விளக்கொளியில் திட்டுத்திட்டாக வெள்ளை தெரியும். ஈரத்தோடு இஸ்திரி வைத்தால் இரண்டு அடுக்கு ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது கிழியும். வைப்பதும் தலைகீழாகத்தான், ஒன்றன்மேல் ஒன்றாக. கொக்கியில் இடுப்பு மேலாக மாட்டிவைத்த டூட்டு தானாகவே கெட்டுப்போகும்.

அடுக்குகளைத் தைத்து முடித்த பிறகு இன்னொரு வேலை பாக்கியிருக்கிறது. கட்டுரையாளர்கள் கண்ணில் படாத வேலை இது. மேல் அடுக்கிலிருந்து கீழ்வரை ஊசியை விட்டு, விரல் நுழையும் அளவு தொய்வாக நூல் கண்ணிகள் போட்டு அடுக்குகளை இணைக்க வேண்டும். நூலை இறுக்கிவிட்டால் பாவாடை அங்கங்கே குழி விழுந்து குடையாய் மடங்கும். தொய்வு அதிகமானால் ஆட்டக்காரி சுழலும்போது நடு அடுக்கு ஒன்று மேலே புரண்டு நிற்கும். தேர்ந்த கைக்கும் ஒரு பாவாடைக்குப் பல மணி நேரம் பிடிக்கும். எந்த எந்திரத்தாலும் செய்ய முடியாது.

மேல் உடுப்பு தனிக் கதை. பத்துக்குக் குறையாத துண்டுகளை இணைத்து, உள்ளே கெட்டிப் பருத்தி லைனிங் வைத்துத் தைப்பது. பாவாடையோடு நிரந்தரமாகச் சேர்க்காமல் சில தையலில் மட்டும் பிடித்துவைப்பார்கள். ஒன்று கெட்டால் மற்றதைக் காப்பாற்றலாம். முதுகில் கொக்கிகள் ஒரு பக்கம், மறுபக்கம் அவற்றுக்கான கண்ணிகள் இரண்டு மூன்று வரிசை. இன்று ஒருத்தி போட்டதை நாளை சற்றுப் பருத்தவளோ மெலிந்தவளோ வேறு வரிசையில் மாட்டிப் போட்டுக்கொள்ளலாம். ஓரத் தையலுக்குள் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் துணி விட்டுவைப்பதும் அதற்காகவே. பங்கீட்டுச் சாப்பாட்டில் உடம்பு இளைத்தபோதும், காயம் பட்டவளுக்குப் பதில் இன்னொருத்தி ஒரு மணி நேரத்தில் மேடையேற வேண்டியிருந்தபோதும் இந்தக் கண்ணி வரிசைதான் கைகொடுத்தது.

பிரிட்டனில் துணிப் பங்கீடு 1941 ஜூன் 1 அன்று தொடங்கியது. முதல் ஆண்டு ஒரு ஆளுக்கு 66 கூப்பன். ஒரு கம்பளிக் கவுனுக்கு 11, பெண்கள் காலணி ஒரு ஜோடிக்கு 5, காலுறை ஜோடிக்கு 2. பிந்திய ஆண்டுகளில் அதுவும் சுருங்கியது. போர் முடிந்த பின்னும் தொடர்ந்து, 1949 மார்ச்சில்தான் ஒழிந்தது. குண்டுவீச்சுக்கு அஞ்சி ஜன்னல் வெளிச்சத்தை மறைக்கும் இருட்டடிப்புக்கான கறுப்புத் துணி மட்டும் கூப்பன் இல்லாமல் கிடைத்ததால் வீடுகளில் அது உடையாகவும் மாறியது.

இடுப்பிலிருந்து பாதம்வரை காலை ஒட்டிப் பிடிக்கும் பட்டு டைட்ஸ் அரிதாகிப் பருத்திப் பின்னலுக்கு இறங்கினார்கள். பருத்தி டைட்ஸ் முழங்காலில் தொய்ந்து சுருக்கம் விழும். மேடை விளக்கில் அந்தச் சுருக்கம் அரங்கின் கடைசி வரிசைக்கும் தெரியும். எலாஸ்டிக் போட்டு இழுக்கலாமே என்றால், 1942 தொடக்கத்தில் மலாயா ஜப்பான் வசம் போனதோடு ரப்பருக்கும் தட்டுப்பாடு. கைகொடுத்தது பழைய நாணய வித்தை. டைட்ஸை இடுப்புக்கு மேல்வரை இழுத்துப் பிடித்து, விளிம்பின் உட்புறம் ஒரு பென்னி நாணயத்தை வைக்க வேண்டும். அன்றைய பென்னி சுமார் 31 மில்லிமீட்டர் குறுக்களவு, கைக்கு அடக்கமான பெரிய காசு. துணியோடு சேர்த்து அதை ஒரு திருகு திருகினால் காளான் தலை போலப் புடைக்கும். அதன் கழுத்தில் நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி, மீதி நாடாவை இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் ஆட்டம் முடியும்வரை இறங்காது. சின்னக் காசு வைத்தால் துணி நழுவிவிடும். நாணயத்தை முதுகெலும்புக்கு நேராக வைத்தால், தூக்கும் ஆட்டக்காரரின் கை அழுத்தி ரத்தம் கட்டும். இடுப்பின் இரு பக்கமும் வைப்பதே முறை.

காலணிக்கு வருவோம். நுனிவிரலில் நிற்க உதவும் பாயின்ட் ஷூவுக்குள் மரக்கட்டையோ இரும்போ இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இருப்பது சாக்குத்துணி, காகிதம், மாவுப் பசை. மூன்றையும் அடுக்கடுக்காக ஒட்டி, உள்வெளியாகத் தைத்த காலணியைப் புரட்டி, நுனியைச் சுத்தியலால் தட்டி வடிவாக்கி, மிதமான சூட்டில் இரவு முழுதும் உலர்த்துவார்கள். அடிப்பாகத்துக்கு அட்டையும் தோலும். வெளியே சாட்டின். பசையில் நின்ற பொருள் வியர்வையில் இளகத்தானே செய்யும்! நாயகி ஒருத்திக்கு ஒரு இரவு ஒரு ஜோடி போவது சாதாரணம். மாவும் சாட்டினும் தோலும் ஒரே நேரத்தில் அருமையான காலத்தில் அது கட்டுப்படியாகுமா?

அதனால் ஒவ்வொரு ஜோடியையும் கடைசிவரை பிழிந்தார்கள். பாயின்ட் ஷூவில் இடது வலது கிடையாது, இரண்டும் ஒரே அச்சு. தினமும் கால் மாற்றிப் போட்டால் தேய்மானம் இருபுறமும் சமமாகும். இளகிய நுனிக்குள் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை ஊற்றிச் சுழற்றி, மிச்சத்தை வடித்துவிட்டு, ஒரு நாள் முழுதும் காயவிட்டால் மறுபடி கடினமாகும். காயுமுன் போட்டால் விரலில் ஒட்டிக்கொள்வதோடு நுனியும் கோணும். அரக்கு அதிகமானால் கண்ணாடி போல உடைந்து உள்ளே கூர் முனை நிற்கும். நுனியில் சாட்டின் முதலில் கிழிவது உறுதி. அது கிழியும்வரை காத்திராமல் புதுக் காலணியிலேயே கெட்டிப் பருத்தி நூலால் நுனியின் விளிம்பைச் சுற்றி நெருக்கமாகத் தைத்துவிடுவார்கள். தரையில் வழுக்காது, ஆயுளும் கூடும். சாட்டின் செயற்கைப் பட்டில் நெய்ததாக இருந்தால் இது இன்னும் அவசியம். அந்த இழை நனைந்தால் வலுவிழக்கும். ரிப்பனைத் தூக்கி எறிவதே இல்லை. ஒரு ஜோடிக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் ரிப்பன். பிரித்து, அலசி, அடுத்த ஜோடியில் தைக்க வேண்டியதுதான்.

துணியை மிச்சப்படுத்திய பாலேக்களும் இருந்தன. 1940 ஜனவரியில் ஃபிரெடரிக் ஆஷ்டன் அமைத்த ‘டான்டே சொனாட்டா’வில் எல்லோரும் வெறுங்காலோடு, அவிழ்ந்த கூந்தலோடு ஆடினார்கள். துணிப் பங்கீடு வருவதற்கு ஓராண்டுக்கும் முந்தைய படைப்பு அது. எனவே பஞ்சத்தால் பிறந்த எளிமை என்று அதைச் சொல்வது தவறு. போரின் துயரத்தால் பிறந்த எளிமை அது. 1944இல் வந்த ‘மிரக்கிள் இன் தி கார்பல்ஸ்’ கிளாஸ்கோ நகரத்துச் சேரி மக்களின் அன்றாட உடையிலேயே ஆடப்பட்டது. ரஷ்யாவில் லெனின்கிராடின் கிரோவ் பாலே குழு 1941இல் உரால் பக்கத்துப் பெர்ம் நகருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே 1942 டிசம்பர் 9 அன்று கச்சடூரியனின் இசையில் ‘கயானே’யை அரங்கேற்றியது. கதை ஆர்மீனியக் கூட்டுப்பண்ணையில் நடப்பது. அதற்குத் தேவைப்பட்டது மலைநாட்டு மக்களின் உடை, வலைப் பாவாடை அல்ல.

கட்டுரை விட்டுவிட்ட பெரிய இழப்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1940 மே மாதம் நினெட் டி வல்வா நிறுவிய பிரிட்டிஷ் பாலே குழு நெதர்லாந்தில் பயணம் செய்துகொண்டிருந்தது. முன்னணி ஆட்டக்காரர்கள் மார்கோ ஃபான்டைன், ராபர்ட் ஹெல்ப்மன், முன்பு சொன்ன ஆஷ்டன் எல்லோரும் உடனிருந்தார்கள். மே 10 விடியலில் ஜெர்மனி படையெடுத்தது. தி ஹேக் நகரின் ஓட்டல் கூரையில் நின்று, பாராசூட்டில் எதிரிப் படைவீரர்கள் இறங்குவதை ஆட்டக்காரர்கள் பார்த்தார்கள். கையில் கிடைத்ததோடு சரக்குக் கப்பலேறித் தப்பினார்கள். உடைகள், திரைகள், இசைக்குழுவுக்கான ஏடுகள் எல்லாம் அங்கேயே போயின. ‘செக்மேட்’, ‘ரேக்ஸ் புராக்ரஸ்’, ‘ஃபசாட்’, ‘ஹொரொஸ்கோப்’ ஆகிய பாலேக்களின் உடைமைகள் அந்தச் சரக்கில் இருந்தவை.

இதில் எது திரும்பி வந்தது, எது வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘ஃபசாட்’ புதிய வடிவமைப்போடு அதே ஆண்டில் மீண்டது. ‘ரேக்ஸ் புராக்ரஸ்’ போர் நடந்துகொண்டிருந்தபோதே திரும்ப மேடையேறியது. அதன் உடைகளை வரைந்த ரெக்ஸ் விஸ்லர் 1944 ஜூலையில் நார்மண்டிப் போர்க்களத்தில் உயிரிழந்தார். ‘செக்மேட்’ 1947 வரை காத்திருந்தது. ‘ஹொரொஸ்கோப்’ மட்டும் மீளவே இல்லை. கான்ஸ்டன்ட் லாம்பர்ட்டின் இசையில் சில பகுதிகள் மட்டும் இன்று நம்மிடம் இருக்கின்றன, ஆஷ்டனின் ஆட்டம் போய்விட்டது. உடையை மறுபடி தைக்கலாம். அதற்கு வெட்டுக் காகிதம், துணி மாதிரி, வரைபடம் மூன்றும் வேண்டும். அவற்றை உடையோடு ஒரே பெட்டியில் அனுப்பினால் போனால் எல்லாம் சேர்ந்தே போகும். இசை ஏட்டுக்கும் இதே விதிதான். பயணம் போகும் குழுக்களிடம் இன்றும் இதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம்.

இனி தங்கள் படம். கட்டுரையின்படி அது 1946 பிப்ரவரி 20 அன்று லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கு திறக்கப்பட்டபோது நடந்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’. போர் முழுதும் அந்த அரங்கு நடனக் கூடமாக ஓடியது. மீண்டும் மேடையானபோது ஆலிவர் மெசல் உடைகளையும் திரைகளையும் அமைத்தார், நாயகி இளவரசி அரோராவாக ஆடியவர் ஃபான்டைன். கூப்பன் இன்னும் நடைமுறையில் இருந்த காலம். மெசலின் திறமை மலிவுப் பொருளை மாளிகைப் பொருளாக்குவதில்தான். புகைக்குழாய் துடைக்கும் பஞ்சுக் கம்பியை வளைத்துத் தலைக்கிரீடம் செய்தவர் அவர். இந்த வித்தைக்கு ஒரு கணக்கு உண்டு. மேடைக்கும் முதல் வரிசைக்கும் இடையே இசைக்குழுவின் பள்ளம் இருக்கிறது. அந்தத் தூரத்தில் கண் பார்ப்பது பளபளப்பை அல்ல, நிழலை. சாதாரணப் பருத்தியில் தங்கநிறக் கொடியை வரைந்து, ஒவ்வொரு இலைக்கும் அடியில் ஒரு பக்கம் மட்டும் பழுப்புக் கோடு இழுத்தால் கையால் செய்த பூவேலை போல எழும்பித் தெரியும். கோட்டை இரு பக்கமும் இழுத்துவிட்டால் வெறும் அச்சுத்துணி.

இதெல்லாம் பழங்கதை அல்ல. 2022இல் உக்ரைனிலிருந்து வந்த ஆட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து குழு அமைத்தது அதே தி ஹேக் நகரில். அவ்வாண்டு செப்டம்பரில் லண்டனில் அவர்கள் ‘ஜிசெல்’ ஆடியபோது உடையும் அரங்கப் பொருளும் பர்மிங்காம் ராயல் பாலே இரவல் கொடுத்தவை. வேறு உடம்புகளுக்குத் தைத்த உடை, புது உடம்புகளில் ஏறியது. மேலே சொன்ன கண்ணி வரிசையும், ஓரத்தில் விட்டுவைத்த துணியும் எதற்கு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். கீவ் நகரத் தேசிய ஓபரா அதே ஆண்டு மே மாதம் மீண்டும் திறந்தது, பதுங்கிடம் கொள்ளும் அளவுக்கு மட்டும் பார்வையாளர்களை அனுமதித்து. அக்குழுவின் முன்னணி ஆட்டக்காரராக இருந்த ஒலெக்சாண்டர் ஷபோவல் செப்டம்பரில் போர்முனையில் உயிரிழந்தார்.

படக்குறிப்பைத் திருத்தும்போது ‘வலைத்துணிப் பாவாடை’ என்று போட்டால் போதும். வாசகர்கள் தாங்களே சரிபார்க்கவும் வழி இருக்கிறது. தாங்கள் அச்சிட்ட படத்தில் ஃபான்டைனின் வலது கைக்குக் கீழே, பாவாடையின் ஓரம் விளக்குக்கு நேராக வரும் இடத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். பின்னால் நிற்பவரின் கால் அதன் ஊடே மங்கலாகத் தெரிகிறது. ஓரமும் மடித்து அடிக்கப்படாமல் கத்தரித்த பல்வரிசையாக நிற்கிறது. பட்டாக இருந்தால் மடித்து அடிக்காத ஓரம் முதல் நாளே நூல் பிரிந்திருக்கும்.

இப்படிக்கு,
மேடை உடை தைப்போர் சிலர்